அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய வண்டி

பழைய ஜிப்சி விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தால் அதோடு பத்துப் படமாவது வரும். முன்பக்கம், பின்பக்கம், புதுசாக மாட்டிய அகல டயர், கூரைமேல் ஒரு வரிசை விளக்கு, ஸ்டியரிங்கைச் சுற்றித் தைத்த தோல் உறை, ஆற்றில் பம்பர் மூழ்க நிற்கும் ஒரு வீரப் படம். அடிப்பக்கத்தைக் காட்டும் படம் மட்டும் ஒன்றுகூட இருக்காது. விற்பவர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டியின் உண்மையான விலை என்ன என்பது அங்கேதான் தெரியும், அது அவருக்கும் தெரியும்.

லடாக், ஸ்பிட்டி, அருணாசலம் என்று கிளம்பும் ஆசையில், அடிபட்ட பழைய ஃபோர் பை ஃபோர் ஒன்றை வாங்கிச் சரிசெய்து எடுத்துப் போகலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஜிப்சி விஷயத்தில் அது தேவையில்லாத பயம். அதன் 1.3 லிட்டர் எஞ்சின் எஸ்டீம் காரிலும் பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட்டிலும் ஓடிய அதே ஜி13 குடும்பத்தைச் சேர்ந்தது. ரீபோர், ரிங், ஹெட் வேலை எதுவாக இருந்தாலும் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் மாருதி கைப்பழக்கமுள்ள மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார். பயப்பட வேண்டியவை இரண்டு: சேஸிஸ், ஆர்.சி. புத்தகம். முதலாவது அரித்துப்போயிருந்தால் பணம் போகும். இரண்டாவது அரித்துப்போயிருந்தால் வண்டியே போகும்.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானில் ஹோப் என்ற சின்னக் கம்பெனி 1967-ல் ஓ.என்.360 என்றொரு குட்டி ஜீப்பைச் செய்து, விற்க முடியாமல் திணறியது. அடுத்த ஆண்டே அதன் உரிமையை சுஸுகி வாங்கியது. அதைத் திருத்தி 1970-ல் எல்.ஜே.10 என்ற பெயரில் வெளியிட்டது: 359 சி.சி., காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், ஸ்கூட்டரின் அண்ணன் என்று சொல்லலாம். அதன் வாரிசான எஸ்.ஜே.410-இன் நீண்ட உடலைத்தான் மாருதி 1985-ல் ஜிப்சி என்று இங்கே இறக்கியது. முதலில் 970 சி.சி., 45 குதிரைத் திறன். 1993-ல் சக்கரங்களுக்கு இடையேயான அகலம் கூடியது. 1996-ல் 1298 சி.சி. எஞ்சினோடு ஜிப்சி கிங். 2000-ல் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, 80 குதிரைத் திறன் ஆனது. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. இத்தனை ஆண்டுகளில் அடிப்படை அப்படியேதான் இருந்தது. ஏணிபோல் ஒரு சேஸிஸ், முன்னும் பின்னும் கட்டியான ஆக்ஸில், நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங், ஒரு டன்னை ஒட்டிய எடை. அதனால்தான் இதை மீட்டெடுக்க முடிகிறது. கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு பார்க்க வேண்டிய பாகம் இதில் மிகக் குறைவு.

இப்போது சந்தைக்கு வரும் ஜிப்சிகள் நான்கு வழிகளில் வருகின்றன. வழிக்கு ஏற்ப நோயும் மாறும்.

டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. அதன் பிறகு அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு வெளி மாநிலங்களுக்கு இறங்கிய வண்டிகள் ஏராளம். கடற்கரைக் காற்று படாததால் இவற்றின் இரும்பு பொதுவாக நன்றாக இருக்கும். அங்கே ஒரு விலை சொல்வார்கள், கேட்க இனிக்கும். அதன்மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவுக் கட்டணம், லாரியில் ஏற்றி வரும் செலவு மூன்றையும் கூட்டினால் அந்த இனிப்பு பாதியாகிவிடும்.

ராணுவக் கழிவு ஏலத்தில் வந்தவை இன்னொரு வகை. ராணுவ எண் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியும், அதையடுத்து வாங்கிய ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். ஆகவே வயதில் பொய் சொல்ல முடியாது. இவை அடிபட்டிருக்கும், ஆனால் க்ரீஸ் கண்டிருக்கும், ஏனென்றால் அங்கே பராமரிப்பு என்பது கட்டளை. ஒரே சங்கடம் பெயின்ட். பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறு எதற்கும் அந்த ஆலிவ் பச்சையை அடிக்கக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. ராணுவ அழகுக்காகவே வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதை அழிக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

போலீஸ், வனத்துறை போன்ற அரசுத் துறை வண்டி என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிவிடுகிறது. அவை பதிவுபெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட வண்டியை யாராவது "பேப்பர் எல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று விற்க வந்தால், அந்தப் பேப்பரை வாங்குகிறவர்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

நான்காவது வகைதான் ஆபத்து அதிகம் உள்ளது: விபத்திலோ வெள்ளத்திலோ மாட்டி, இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுச் சேதம் என்று எழுதிவிட்ட வண்டி. பழுதுபார்க்கும் செலவு, வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அப்படி எழுதுவார்கள். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஏலத்துக்குப் போன கார்கள் எத்தனையோ. சேதவண்டியை வாங்குவதில் தப்பில்லை. ஆனால் அப்படிப்பட்ட வண்டிகளின் ஆர்.சி.யை மட்டும் வைத்துக்கொண்டு, திருட்டு வண்டி ஒன்றில் அதே எண்ணை அடித்து விற்கும் தொழிலும் நாட்டில் நடக்கிறது. சேஸிஸ் எண்மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸில் சடங்குபோல நடக்கும். அதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கம்பெனி அடித்த எண் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் பதிந்திருக்கும். ஓர் எழுத்து மட்டும் சாய்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் இரும்பு மெலிந்து பளபளத்தாலோ அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். அதோடு கடன் நிலுவை இருக்கிறதா, படிவம் 35 கிடைக்குமா, என்.ஓ.சி.க்கான படிவம் 28-இல் கையெழுத்திட வேண்டிய பழைய உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. கடைசிக் கேள்வி கேலியல்ல. மூன்று கை மாறியும் பெயர் மாறாத ஜிப்சிகள் ஊருக்கு ஊர் நிற்கின்றன.

பேப்பர் தேறிவிட்டால் அடுத்தது தரையில் படுப்பது.

ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம், ஒரு டார்ச். இவ்வளவுதான் கருவி. சேஸிஸ் சட்டத்தின் பக்கவாட்டில் சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு "டங்" என்று பதில் சொல்லும். உள்ளிருந்து அரித்த இடம் "தொப்" என்று வாயை மூடிக்கொள்ளும். ஜிப்சியின் சட்டம் நான்கு பக்கமும் மூடிய பெட்டிவடிவம். சேறும் தண்ணீரும் துளைவழியே உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும், துருவும் உள்ளிருந்துதான் வெளியே வரும். வெளியே பார்த்தால் பெயின்ட் கன்னிபோல இருக்கும். பின் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் தொங்கும் இடம், பாடியைச் சேஸிஸில் உட்கார வைத்திருக்கும் ரப்பர் மவுன்ட்டுகளின் தட்டு, டிரைவர் கால்வைக்கும் தரைத் தகடு, முன் கண்ணாடிச் சட்டத்தின் அடி, இந்த நான்கும் நோய் முதலில் தங்கும் இடங்கள். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். விற்கப்போகிற வண்டியின் அடிவயிற்றுக்கு யார் மெனக்கெட்டுப் பெயின்ட் அடிப்பார்கள்?

காந்தம், பட்டி பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்க. டிங்கரிங்காரர் தகட்டை ஒழுங்காகத் தட்டி எடுத்திருந்தால் பட்டி ஒரு பூச்சளவுதான் இருக்கும், காந்தம் பிடிக்கும். பள்ளத்தைப் பட்டியால் நிரப்பியிருந்தால் காந்தம் வழுக்கி விழும்.

வளைந்த சேஸிஸைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரிடம் ஒரு தூக்குக் குண்டு கடன் வாங்கினால் போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சேஸிஸின் நான்கு மூலைகளிலும் இடதும் வலதும் ஒத்த புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். பிறகு வண்டியைத் தள்ளிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. விரற்கடை வித்தியாசம் வந்தாலே அந்த வண்டி எங்கோ பலமாக முட்டியிருக்கிறது. சேஸிஸை இழுத்து நேராக்கும் பட்டறைகள் உண்டு, ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்க ஒத்துக்கொள்ளும் விற்பனையாளர் அபூர்வம்.

வெள்ளம் கண்ட வண்டியை வேறு விதமாகப் பிடிக்கலாம். முன், பின் டிஃபரன்ஷியலின் ஆயில் நட்டைக் கழற்றி விரலை விட்டால், தண்ணீர் கலந்த கியர் ஆயில் பால் ஊற்றிய டீயின் நிறத்தில் வரும். ஆழத் தண்ணீரில் இறக்கிய வண்டிக்கும் இதே கதிதான். சூடான ஆக்ஸில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மூச்சுவிடும் வால்வு வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த வால்வுக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறைவரை உயர்த்திவிட்டால் தீர்ந்தது. ஜிப்சிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே விலை குறைந்ததும் மிகவும் பயன்படுவதும் இதுதான். விளம்பரப் படத்தில் தெரியாது என்பதால் யாரும் செய்வதில்லை.

இந்த இடத்தில் ஒரு பிரிட்டிஷ் வண்டியின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. அடிபட்ட பழைய வண்டியை மீட்டெடுத்து நெடும்பயணம் போவது என்றால் அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1955 செப்டம்பர் 1 அன்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு பேர் இரண்டு சீரிஸ் ஒன் லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். ஒரு வண்டி கருநீலம், பெயர் ஆக்ஸ்ஃபோர்டு. மற்றது வெளிர்நீலம், கேம்பிரிட்ஜ். பி.பி.சி.யில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் கொடுத்து அனுப்பினார். படம் எடுத்தவர் ஆன்டனி பாரிங்டன் பிரவுன். டி.என்.ஏ. மாதிரியின் முன்னால் வாட்சனும் கிரிக்கும் நிற்கும் உலகப் புகழ்பெற்ற 1953-ம் ஆண்டுப் புகைப்படம் இவர் எடுத்ததுதான். துருக்கி, ஈரான், இந்தியா வழியாக வந்து, அசாமிலிருந்து போர்க்காலத்து ஸ்டில்வெல் சாலையில் பர்மாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள்.

திரும்பிய பிறகு கேம்பிரிட்ஜ் இன்னொரு பயணத்தில் மலைப்பள்ளத்தில் விழுந்து போயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு, பறவை ஆராய்ச்சிக் குழு ஒன்றோடு அட்லான்டிக்கின் நடுவிலுள்ள அசென்ஷன் தீவுக்குப் போனது. அங்கிருந்து செயின்ட் ஹெலினா தீவு. நெப்போலியனைச் சிறை வைத்த அதே தீவில் அதுவும் பல பத்தாண்டுகள் கிடந்தது. கடைசியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஆடம் பென்னட் என்ற லேண்ட் ரோவர் ஆர்வலர் அதை வாங்கி, 2017-ல் ஊருக்குக் கொண்டுவந்து, முடிந்தவரை பழைய பாகங்களைக் காப்பாற்றிக்கொண்டே ஓட வைத்தார். 2019 ஆகஸ்ட் 25 அன்று அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பிக் கிளம்பியது. 1955 குழுவில் இருந்த டிம் ஸ்லெஸருக்கு அப்போது 87 வயது. அவரும் போவதாகத்தான் ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் உடல்நிலை இடம் கொடுக்காமல் போக, பேரன் நாட் ஜார்ஜ் அவர் இடத்தில் ஏறிக்கொண்டார். டிசம்பரில் வண்டி லண்டன் போய்ச் சேர்ந்தது.

உப்புக் காற்றில் அவ்வளவு காலம் கிடந்த வண்டி எப்படிப் பிழைத்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் 1948-ல் வந்த லேண்ட் ரோவரின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். தட்டுப்பாட்டுக்காகச் செய்ததே அந்த வண்டிக்கு ஆயுளாகிவிட்டது. ஆனால் அதன் சேஸிஸ் இரும்புதான். பழைய லேண்ட் ரோவர் மீட்பவர்களுக்கும் தலைவலி அங்கேதான். அலுமினிய உடல் அறுபது ஆண்டு தாங்கும், அடியில் இருக்கும் சட்டம் மாவாகியிருக்கும். ஜிப்சிக்கு அந்த அலுமினியக் கொடுப்பினையும் கிடையாது. மேலும் கீழும் இரும்பு, சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஓடிய வண்டி என்றால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வாங்கியாயிற்று, பட்டறைக்கும் வந்தாயிற்று. முதலில் பாடியைச் சேஸிஸிலிருந்து பிரிக்க வேண்டும். ரப்பர் மவுன்ட் போல்ட்டுகளைக் கழற்றி, வயரிங்கும் ஸ்டியரிங் கம்பியும் பிரேக் பைப்பும் விடுபட்டால் பாடி தனியாக வந்துவிடும். நான்கு ஆள் சேர்ந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பாடியோடு வைத்து வெல்டிங் அடித்தால் செலவு குறையும் என்று சொல்லும் பட்டறைக்காரர் உண்டு. அடியில் எட்டாத இடத்தில் துரு இருக்கும், அதை அவரும் பார்க்கமாட்டார். அரித்த இரும்பை நல்ல இரும்பு தட்டுப்படும்வரை வெட்டியெடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். ஓட்டைமேல் ஒட்டுப் போடுவது வேலையாகாது. பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெகுதூரம் வைத்துவிட வேண்டும், எம்.பி.எஃப்.ஐ. வண்டி என்றால் பேட்டரியோடு கம்ப்யூட்டரின் இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். வெல்டிங் முடிந்ததும் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயின்ட். பெட்டிச் சட்டத்தின் உள்ளே மெழுகுப் பூச்சைத் துளை வழியாகப் பீய்ச்ச வேண்டும். தண்ணீர் வடியும் துளைகளைப் பூச்சு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாத அழகிய மீட்புகள் இரண்டு மழைக்காலத்தில் பல்லைக் காட்டிவிடும்.

அடுத்தது முன் ஆக்ஸில். இங்கேதான் ஜிப்சியின் பேர்போன வியாதி இருக்கிறது. மணிக்கு அறுபது, எழுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையிலிருந்து பிய்த்துக்கொள்வதுபோல உதறும், வேகம் தணியும்வரை நிற்காது. மலைச்சாலையின் விளிம்பில் அது வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வீல் பேலன்ஸ், அலைன்மென்ட் என்று அலைவார்கள். சிலர் புது ஸ்டியரிங் டாம்பர் போட்டு உதறலை அமுக்கிவிடுவார்கள், வியாதி உள்ளே இருக்கும். பெரும்பாலும் குற்றவாளி கிங் பின் பேரிங்.

முன் சக்கரத்தைக் கழற்றி ஆக்ஸிலின் நுனியில் இருக்கும் நக்கிளைப் பிரித்தால் மேலும் கீழும் ஒவ்வொரு குட்டி டேப்பர் பேரிங் இருக்கும். சக்கரம் திரும்புவது இவற்றின்மேல்தான். முழுச் சுற்றுச் சுற்றாமல் காலம் முழுக்க இப்படியும் அப்படியும் கொஞ்சம்தான் அசைகிறது என்பதால், உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி வெளிக்கப்பில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். உள் ஆயில் சீல் போயிருந்தால் டிஃபரன்ஷியல் ஆயில் வந்து க்ரீஸைக் கரைத்து, திறந்ததும் கறுப்புக் குழம்பாக வழியும். நான்கு பேரிங், சீல்கள், மெல்லிய ஷிம் தகடுகள் எல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல டயரின் விலை வராது. கவனம் தேவைப்படுவது ஷிம்மில்தான். அதிகம் வைத்தால் ஆட்டம் இருக்கும், குறைத்தால் ஸ்டியரிங் இறுகும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நக்கிளின் கையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, அது நகரத் தொடங்கும்போது முள் எதைக் காட்டுகிறது என்று சர்வீஸ் புத்தகத்தின் அளவோடு ஒப்பிட வேண்டும். "கையாலேயே சொல்லிடுவேன்" என்கிற மெக்கானிக் அனுபவசாலியாகவும் இருக்கலாம். தராசு வைத்திருப்பவரிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பிரேக்கில் யோசிக்க எதுவும் இல்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏ.பி.எஸ். கிடையாது. வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புப் பைப், மாஸ்டர் சிலிண்டர் கிட் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும். வயரிங்கை எலி கடித்திருக்கும், இல்லாவிட்டால் முன்பு மாட்டிய விளக்குக்காக யாராவது ஹெட்லைட் வயரிலேயே இணைப்பு எடுத்திருப்பார்கள். இரண்டில் எதுவானாலும் மொத்தமாகப் பிடுங்கிப் புதுசு போடுவதே நல்லது.

உயரமான இடத்துக்குப் போகிறவர்கள் பணம் செலவழிக்கத் தயங்கும் பாகம் ரேடியேட்டர். கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எஞ்சினுக்குள் போகும் காற்றும் பாதி. ஆகவே 80 குதிரையில் பாதிதான் மேலே வந்து சேரும், மீதி மணாலியிலேயே நின்றுவிடும். அந்த மெலிந்த காற்றில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதிக்கும். எஞ்சின் சாதாரணமாக ஓடும் சூடே அதை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியானால் எல்லா வண்டியும் கொதித்து நிற்க வேண்டுமே? நிற்காமல் காப்பது ரேடியேட்டர் மூடி. 0.9 என்று எண் போட்ட மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை 110-ஐ ஒட்டி ஏற்றிவிடுகிறது. அந்த மூடியின் ரப்பர் காய்ந்துபோயிருந்தால் சமவெளியில் எந்தப் பிரச்சினையும் தெரியாது, மலை ஏறும்போது தெரியும். சில நூறு ரூபாய்ச் சாமான்.

கார்புரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ.யா என்ற சண்டை ஜிப்சிக்காரர்களிடையே ஓயாதது. கார்புரேட்டரை வழியோர மெக்கானிக் ஒருவர் பல்துலக்கும் பிரஷ்ஷாலேயே கழுவிச் சரிசெய்துவிடுவார் என்பது உண்மை. ஆனால் உயரத்தில் காற்று குறையும்போது பெட்ரோலைக் குறைக்க அதற்குத் தெரியாது. கறும்புகை கக்கித் திணறும். எம்.பி.எஃப்.ஐ. தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஏலகிரி, மேகமலை அளவில் சுற்றுகிறவருக்கு 1996 வண்டி போதும். லடாக் போகிறவர் 2000-க்குப் பிந்தையதைத் தேடுவதுதான் சரி.

இவ்வளவுக்குப் பிறகு கையில் பணம் மிஞ்சினால் ஆசை ஆரம்பிக்கும்: ஸ்பிரிங்கை உயர்த்தலாமா, பெரிய டயர் போடலாமா, டீசல் எஞ்சினையே தூக்கி வைத்துவிடலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. முன்னால் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. 15 ஆண்டு தாண்டிய வண்டி படிவம் 25 போட்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது, பிரேக் இன்ஸ்பெக்டர் இவை அனைத்தையும் சாவகாசமாகப் பார்ப்பார். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் கணக்கு ஒத்துவராது. டயர் பெரிதானால் கியர் விகிதம் உயர்ந்ததுபோல ஆகிவிடும். ஏற்கெனவே கீழ்ச் சுற்றில் இழுவை குறைந்த எஞ்சின், முன்பு செகண்டில் ஏறிய மேட்டில் ஃபர்ஸ்ட் கேட்கும். 15 அங்குல ரிம்மில் 205/70 டயரே சேற்றுக்கான பூ வெட்டோடு கிடைக்கிறது, அது போதும்.

கம்பெனி அமைப்பை அதிகம் கலைக்காத வண்டியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஜெர்மனியின் குந்தர் ஹோல்டோர்ஃப் ஓட்டிய ஓட்டோ என்ற வண்டி சாட்சி. 1980-களின் இறுதியில் வாங்கிய மெர்சிடீஸ் ஜி-வேகன். படுக்க ஓர் இடமும் ஏகப்பட்ட ஸ்பேர் பாகங்களும் ஏற்றிக்கொண்டு 2014 வரை உலகத்தைச் சுற்றி, ஒன்பது லட்சம் கிலோமீட்டரை நெருங்கியது. இப்போது மெர்சிடீஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எதிர்க்கட்சிக்கும் ஓர் உதாரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். 2007 ஏப்ரலில் சிலி நாட்டைச் சேர்ந்த கொன்சாலோ பிராவோ, எடுவார்டோ கனாலெஸ் இருவரும் ஓஹோஸ் தெல் சலாதோ எரிமலையில் 6,688 மீட்டர்வரை ஏறி உலகச் சாதனை படைத்தார்கள். ஏறிய வண்டி சுஸுகி சாமுராய், நம் ஜிப்சிக்கு உடன்பிறப்பு. பெரிய அளவில் மாற்றியமைத்த வண்டிதான் அது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஜீப் குழு ஒன்று 6,646 மீட்டரில், ஜீப் மட்டும்தான் இங்கே நிறுத்தலாம், மற்றவை இதுவரை வராது என்று கேலிப் பலகை ஒன்றை நட்டுவைத்துவிட்டு வந்திருந்தது. சிலிக்காரர்கள் அந்தப் பலகையைத் தாண்டிப்போனார்கள். எரிமலைமேல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிடையாது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பாகங்களுக்குப் பஞ்சம் இல்லை. சென்னையில் புதுப்பேட்டை, டெல்லியில் மாயாபுரியின் உடைப்புச் சந்தையும் காஷ்மீரி கேட்டின் ஸ்பேர் கடைகளும். கார்பெட், ரந்தம்போர் காடுகளில் சுற்றுலாப் பயணிகளைப் புலி பார்க்கக் கூட்டிப்போவது திறந்த ஜிப்சிகள்தான், ராணுவத்திலும் இன்னும் ஓடுகிறது. ஆகவே சாமான் நடமாட்டம் நிற்கவில்லை. காயலான் கடையில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், கதவு, டெயில்கேட் வாங்கலாம். பிரேக், பேரிங், ரப்பர் சாமான், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்கக்கூடாது.

எத்தனை பேர் போகலாம் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். பின்னால் எதிரெதிராக இருக்கும் பெஞ்சில் நண்பர்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஊட்டிவரை பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். ஏர்பேக் இல்லை, பக்கவாட்டு இருக்கை, மோதினால் தாங்கிப்பிடிக்க எதுவும் கிடையாது. நெடும்பயணத்துக்கு இது இரண்டு பேர் வண்டி. பின்பகுதி சாமானுக்கு. கனமான சாமான் அனைத்தும் தரையோடு இருக்க வேண்டும், கூரைக் கேரியரில் ஏறுவது கூடாரமும் படுக்கையும் மட்டும்.

வேலை முடிந்த வண்டியை நேராக மணாலிக்கு ஓட்டிப் போகக்கூடாது. முதலில் நாற்பது கொண்டை ஊசி வளைவுள்ள வால்பாறை ஏற்றம், பிறகு எழுபது வளைவுள்ள கொல்லிமலை. ஏறும்போது சூட்டு முள்ளைக் கவனிப்பது, இறங்கும்போது பிரேக் மிதி இறங்குகிறதா என்று பார்ப்பது. திரும்பியதும் லீஃப் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யு-போல்ட், ஷாக்கிள் நட், வீல் நட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்க வேண்டும். புதுசாகக் கட்டிய வண்டியில் இவை நிச்சயம் தளர்ந்திருக்கும். ஏதாவது ஒரு சீல் கசியும். வெல்டிங் அடித்த இடங்களைச் சுத்தியலால் இன்னொரு முறை தட்டிப் பார்க்கலாம். மணாலி–லே சாலை பனி விலகி மே, ஜூன் வாக்கில்தான் முழுதாகத் திறக்கும், செப்டம்பர் தாண்டினால் நிச்சயமில்லை. ஆகவே மார்ச்சில் வண்டி வாங்கி அந்த ஜூனிலேயே லே போக நினைப்பவர், சேஸிஸ் வேலையையோ தூக்கத்தையோ குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்த ஜூன் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மழைக்காலத்திலும் ஓட்டிப் பார்த்துக் கசிவெல்லாம் அடைத்துவிட்டு, ஃபேன் பெல்ட், இரண்டு ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் கேபிள், பெட்ரோல் பம்ப், ஒரு செட் கிங் பின் பேரிங், இன்னொரு ரேடியேட்டர் மூடி ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்பலாம்.